மரமும் பயிரும் சேர்ந்த கல்வி

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு வேறு. ஆங்கிலத்தில் ‘ஆக்ரோபாரஸ்ட்ரி’ என்று ஒரு கல்வி இருக்கிறது. தமிழில் வேளாண்காடு என்கிறார்கள். ஒரே நிலத்தில் மரத்தையும் பயிரையும், சில இடங்களில் ஆடு மாட்டையும் சேர்த்து வளர்ப்பது எப்படி, அதில் லாபம் என்ன, நஷ்டம் என்ன என்று ஆராய்வது அந்தக் கல்வியின் வேலை. அதற்கென்று சர்வதேச ஆராய்ச்சி நிலையம் உண்டு. பத்திரிகை உண்டு. பட்டம் உண்டு. உலக மகாநாடு கூட உண்டு. முதல் மகாநாடு 2004 இல் அமெரிக்காவில் ஆர்லண்டோ நகரத்தில் கூடியது.

“இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று பின் வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது ஐயா. கித்தாக் காட்டுக்குள் மாடு மேய்த்தவர்கள் நாம். லயத்துக்குப் பின்னால் நாலு முருங்கை, இரண்டு வாழை, அவற்றின் நிழலில் கீரை, மிளகாய் என்று வைத்தவர்கள் நாம். நாம் செய்தபோது அதற்குப் பெயர் கிடையாது. சில இடங்களில் அபராதம்தான் உண்டு! பட்டதாரி செய்தபோது அது ஆராய்ச்சியாயிற்று. ஆனால் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவதற்காக நான் வரவில்லை. அந்தக் கல்வி வளர்ந்த கதையில் ஒரு கேள்வி தொடக்கத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது. மரமும் பயிரும் சேர்ந்து வளரும், சரி. அதற்கு யார் கை உழைக்கிறது, பலன் யாருக்குப் போகிறது, நிலம் யாருக்கு என்பதுதான் அந்தக் கேள்வி. அந்தக் கல்வி இதைக் கவனிக்காமல் விட்ட காலத்தில் தோற்றது. கவனித்த இடங்களில் வென்றது. அதைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

கதை பர்மாவில் ஆரம்பிக்கிறது. 1856 இல் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், ஆங்கில அரசாங்கத்தின் காட்டதிகாரியாகப் பெகு நாட்டுக்கு வந்தார். கப்பல் கட்டுவதற்குத் தேக்கு வேண்டும், தேக்கங்காடோ அழிந்துகொண்டிருந்தது. மலைச்சாதியினரான கரேன் மக்கள் காட்டை வெட்டி எரித்து நெல் விதைப்பவர்கள். அவர்கள் மேல் காட்டை அழித்ததாக நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நடந்தன. அந்தச் சமயத்தில் தரவாடி பகுதியைச் சேர்ந்த யூ பான் ஹ்லே என்ற கரேன் மனிதர், நெல்லோடு சேர்த்துத் தேக்கையும் விதைத்து வளர்த்துக் காட்டினார். இதற்குப் பெயர் ‘தவுங்யா’. பர்மிய மொழியில் தவுங் என்றால் மலை, யா என்றால் சாகுபடி. பிராண்டிஸ் அதைப் பிடித்துக்கொண்டார். காட்டை வெட்டு; இரண்டு மூன்று வருஷம் நெல்லும் மற்றதும் போட்டுச் சாப்பிடு; கூடவே தேக்கு விதையை ஊன்றிக் களையெடுத்துக் காப்பாற்று; தேக்கு தலைதூக்கியதும் அடுத்த துண்டு நிலத்துக்குப் போ. இதுதான் ஏற்பாடு. இருபது வருஷத்தில் மலிவான செலவில் தேக்குத் தோட்டங்கள் எழும்பின. கரேன் மக்கள் மேலிருந்த வழக்குகளும் நின்றன. 1890களில் வங்காளத்துக்கும், அதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவுக்கும், பிறகு பல நாடுகளுக்கும் இந்த முறை பரவிற்று.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். தோழர்களே, கணக்குப் பாருங்கள். களையெடுத்தவனுக்கு இரண்டு வருஷ நெல் கிடைத்தது. எண்பது வருஷம் நின்று விலை ஏறும் தேக்கு அரசாங்கத்துக்குப் போயிற்று. நிலத்தில் அவனுக்கு உரிமை எதுவும் இல்லை. மரம் நன்றாக வளர்ந்தது என்பதற்கு அடையாளமே, அதை வளர்த்தவன் அந்த இடத்தை விட்டுப் போவதுதான்! காடு வெட்டி, கன்று நட்டு, ரோடு போட்டவர்களின் வம்சத்தில் வந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1877 இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தோட்டத்துக்கு வந்த கதையும், ரிட்லி துரை பட்டையைச் சீவும் முறையைக் கண்டுபிடித்த கதையும் நீங்கள் அறிந்தவை. ஆனால் இந்த மரம் தனியாக இங்கே குடியேறவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1890களின் நடுவில் காப்பி விலை சரிந்தபோது, காஜாங் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர்கள் ரப்பரை நடத் தொடங்கினார்கள். மலாக்காவில் 1896 இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட டான் சே யான் மரவள்ளி பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் ரப்பரோடு மரவள்ளியையும் சேர்த்துப் பயிரிட்டார். மரம் பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை சாப்பிட வழி வேண்டாமா? ஆகவே மலாயா ரப்பர்த் தொழிலின் முதல் அத்தியாயமே மரமும் பயிரும் சேர்ந்த சாகுபடிதான்.

பிறகு வந்தது ‘சுத்தமான களையெடுப்பு’ என்ற மோகம். பெரிய கம்பெனிகள் வந்தன. மரத்தடியில் ஒரு புல் தெரிந்தாலும் வெளிக்காட்டு மண்டோருக்கு ஏச்சு விழுந்த காலம் அது. செம்மண் தெரியச் செதுக்கி வைத்திருந்தார்கள். மழை வந்தது, மேல்மண் ஆற்றுக்குப் போனது. மேட்டுக்காட்டில் மரத்தின் வேர் வெளியே தெரிந்தது. சேதம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் புரேரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா என்ற கொடிகளைப் படரவிடும் பழக்கம் ஊன்றியது. அந்தக் கொடிகள் பயறு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வேர் முடிச்சுகளில் தங்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. இலை மூடாக்காக விழுகிறது. லாலாங் தலைதூக்க முடிவதில்லை. 1925 இல் ஏற்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இதையெல்லாம் ஆராய்ந்தது. அங்கே வேலை செய்த ஹெயின்ஸ் என்பவர், தோட்டத்தில் தானாக முளைக்கும் செடிகொடிகளை அழிக்காமல் கட்டுப்படுத்திப் பயன்படுத்துவது எப்படி என்றே 1934 இல் ஒரு கையேடு எழுதினார்.

கம்பத்து மலாய்க்காரரும் சீனரும் வைத்திருந்த சிறு தோட்டங்கள் அப்போது எப்படி இருந்தன? மரங்கள் நெருக்கமாக நின்றன. கீழே செடியும் புதருமாக இருந்தது. ‘சோம்பேறித் தோட்டம்’ என்று பெரிய துரைமார்கள் ஏளனம் செய்தார்கள். ஆனால் நிழலும் புதரும் இருந்தபடியால் அங்கே மண் அரிக்கவில்லை. 1948 இல் பீட்டர் பாவர் என்ற பொருளாதார நிபுணர் ரப்பர்த் தொழிலைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். நெருங்கி நட்டது அறியாமையல்ல, சிறு தோட்டக்காரனின் கையிருப்புக்கும் நிலத்துக்கும் ஏற்ற கணக்குத்தான் என்று அதில் அவர் வாதாடினார். இன்று மலேசியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவு பழைய விஷயம் ஏன் இவ்வளவு தாமதமாகக் கல்வியாயிற்று? எல்லா நாட்டிலும் அரசாங்க இலாகாக்கள் பிரிந்து கிடந்ததுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். விவசாய இலாகாவுக்கு மரம் என்றால் இடைஞ்சல். காட்டிலாகாவுக்கு மனிதன் என்றால் திருடன். ஒரே நிலத்தில் மரமும் சோளமும் இருந்தால் எந்தக் கோப்பில் எழுதுவது? ஆபீஸ் கிராணிமார்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும். கல்லூரிகளும் அப்படியே பிரிந்திருந்தன. விவசாயம் படித்தவனுக்கு மரம் தெரியாது. வனவியல் படித்தவனுக்கு நெல் தெரியாது.

இடையிடையே சிலர் குரல் கொடுத்தார்கள். 1929 இல் ரஸ்ஸல் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர், சரிவான நிலத்தை உழுது பாழாக்காமல் காய்க்கும் மரங்களை நடுங்கள் என்று ஒரு நூல் எழுதினார். அதைவிட எனக்குப் பிடித்தது ஹரால்ட் காங்க்ளின் என்பவரின் வேலை. அவர் பிலிப்பைன்ஸில் மிண்டோரோ தீவில் ஹனுனோ என்ற மலைச்சாதியினரோடு தங்கினார். காட்டை எரித்துப் பயிரிடும் மூடர்கள் என்று எல்லோரும் ஏசிய மக்கள் அவர்கள். அவர்கள் 1,600க்கு மேற்பட்ட செடி கொடி வகைகளைப் பெயர் சொல்லிப் பிரித்தறிகிறார்கள் என்பதையும், நல்ல காடு ஒன்றில் 40க்கு மேற்பட்ட பயிர்களைச் சேர்த்து வைக்கிறார்கள் என்பதையும் காங்க்ளின் எழுதி வைத்தார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் அதை 1957 இல் பிரசுரித்தது. படித்தவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

தவுங்யா முறையைப் பற்றி 1968 இல் ஆப்பிரிக்காவில் இபாடான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் கென்னத் கிங், கயானா நாட்டவர். கரும்புத் தோட்ட வேலைக்காக நம்மைப் போலவே இந்தியர்கள் கப்பலேறிப் போன நாடு அது. 1975 இல் கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி நிலையம், வெப்ப நாடுகளின் காடுகளைப் பற்றி ஆராயும்படி ஜான் பெனே என்பவரைக் கேட்டுக்கொண்டது. அவரும் கூட்டாளிகளும் கொடுத்த அறிக்கை 1977 இல் ‘மரம், உணவு, மக்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளியாயிற்று. காட்டை மட்டும் தனியாகக் காப்பாற்ற முடியாது. பசித்தவன் பக்கத்தில் இருக்கிறான். மரத்தையும் உணவையும் ஒன்றாக ஆராய ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வருஷமே சர்வதேச வேளாண்காட்டு ஆராய்ச்சி மன்றம் அமைந்தது. 1978 இல் கென்யாவின் நைரோபி நகரத்தில் குடியேறியது. முதல் தலைமை இயக்குநர் நான் சொன்ன அதே கென்னத் கிங். 1982 இல் இந்தத் துறைக்கென்றே தனிப் பத்திரிகை தோன்றியது. தென்னந்தோப்பில் ஊடுபயிர் வைப்பதைக் கேரளத்தின் காசர்கோட்டில் ஆராய்ந்துகொண்டிருந்த ராமச்சந்திரன் நாயர் நைரோபிக்குப் போய், பிறகு அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் இதைக் கற்பித்தார். அவர் 1993 இல் எழுதிய பாடநூலைப் பல நாட்டு மாணவர்கள் படித்தார்கள். 2019 இல் அந்த நைரோபி நிலையம், இந்தோனேசியாவின் போகோரிலுள்ள சர்வதேச வனவியல் ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்தது.

பெயர்களும் ஆண்டுகளும் போதும். இந்தக் கல்வி அடிபட்டு அறிவு பெற்ற கதை ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இபாடானிலுள்ள வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் காங் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 1970களின் பிற்பகுதியில் ஒரு முறையை உருவாக்கினார்கள். நம் ஊர்க்காரர்கள் ‘பெத்தாய் பெலாலாங்’ என்று சொல்லும் மரத்தை வேலிபோல் நிரை நிரையாக நடுவது. நிரைக்கு நடுவே சோளம் போடுவது. மரம் நிழல் கட்டாதபடி அடிக்கடி வெட்டி, அந்தத் தழையைச் சோளத்துக்கு உரமாகப் போடுவது. காசு கொடுத்து உரம் வாங்க வேண்டாம், மண் அரிக்காது, நிலத்தைத் தரிசு போட வேண்டாம். நிலையத்தின் சோதனைத் துண்டுகளில் விளைச்சல் அருமையாக இருந்தது. உலகமெல்லாம் இதைப் பிரசாரம் செய்தார்கள். ஆப்பிரிக்க விவசாயியின் கஷ்டமே தீர்ந்தது என்றார்கள்.

விவசாயிகள் நட்டார்கள். சில வருஷத்தில் பலர் வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். ஏன்? மரத்தை வெட்டிவிட வேண்டிய நேரமும் சோளத்துக்குக் களையெடுக்கும் நேரமும் ஒன்றாக வந்தன. வீட்டில் இருப்பது இரண்டு ஜோடிக் கைகள். ஒரு வாரம் தாமதித்தால் மரம் சோளத்தை மூடிவிடும். மழை குறைந்த இடங்களில் மரத்தின் வேர் சோளத்தின் தண்ணீரைக் குடித்தது. 1980களில் ஒரு பூச்சி வேறு வந்து பல நாடுகளில் அந்த மரங்களை மொட்டையடித்தது.

அதோடு ஆராய்ச்சியிலேயே ஒரு கோளாறு வெளியாயிற்று. சோதனைத் துண்டுகள் மிகச் சிறியவை. மரவேலி உள்ள துண்டின் வேர்கள், பக்கத்தில் மரமில்லாமல் சோளம் மட்டும் இருந்த துண்டுக்குள் புகுந்து அதன் சத்தைத் திருடின. அந்தத் துண்டு மெலிந்தது. மரவேலித் துண்டு கொழுத்தது. ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மரத்தின் மகிமை என்று எழுதிவிட்டார்கள்! பக்கத்து நிரைக்காரன் மங்கிலிருந்து பாலை ஊற்றிக்கொண்டு, என் மரம் அதிகம் கறக்கிறது என்று சொன்னால் எப்படியோ, அப்படி. 1990களில் அந்தத் துறையின் விஞ்ஞானிகளே இந்தத் தவறைக் கண்டுபிடித்துத் தங்கள் பத்திரிகையிலேயே எழுதினார்கள். இதற்காக அந்தக் கல்வியின் மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

கிராணிமார்களுக்காக ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்வியில் ‘நிலச்சமன் விகிதம்’ என்று ஓர் அளவு உண்டு. விளங்குவதற்காக ஒரு உதாரணம். ஒரு ஏக்கரில் மரவள்ளி மட்டும் போட்டால் 100 பங்கு விளைகிறது. மரம் மட்டும் நட்டால் 100 பங்கு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மரவள்ளி 60 பங்கும் மரம் 80 பங்கும் கிடைக்கிறது என்று வையுங்கள். இரண்டும் தனித்தனியாகக் குறைவுதான். ஆனால் 60ஐயும் 80ஐயும் கூட்டினால் 140. அதாவது இதே பலனைத் தனித்தனியாக எடுக்க 1.4 ஏக்கர் வேண்டியிருக்கும். விகிதம் 1.4; ஒன்றுக்கு மேல் இருந்தால் சேர்த்துப் பயிரிடுவது நிலத்துக்கு லாபம். அழகான கணக்கு. ஆனால் இதில் ஆள் கணக்கு எங்கே? அந்த 140 பங்குக்கு எத்தனை பேர் எத்தனை நாள் குனிந்தார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை. செக்ரோல் எழுதியவர்கள் நீங்கள். ஆள் நாள் இல்லாத கணக்கை எந்த ஆபீசிலாவது ஒப்புக்கொள்வார்களா?

இந்தப் பாடத்தைப் பிறகு கற்றுக்கொண்டார்கள். நைரோபி நிலையத்தில் ரெயின்ட்ரீ என்பவரும் கூட்டாளிகளும் 1980களில் ஒரு முறை வகுத்தார்கள். வைத்தியர் முதலில் நோயைக் கேட்பதுபோல, விவசாயியின் வீட்டில் எப்போது ஆள் பற்றாது, எப்போது விறகு பற்றாது, எப்போது காசு பற்றாது என்று கேட்டு அறிந்த பிறகே எந்த மரம், எங்கே என்று தீர்மானிப்பது அந்த முறை. சாம்பியா நாட்டின் கிழக்குப் பகுதியில் அது நன்றாக வேலை செய்தது. அங்கே சித்தகத்தியை இரண்டு வருஷம் வளர்த்து வெட்டிவிட்டு, உரமேறிய அந்த மண்ணில் சோளம் போடச் சொன்னார்கள். விஞ்ஞானிகள் கன்றுகளைப் பையில் வளர்த்துக் கொடுத்தார்கள். விவசாயிகள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, பாத்தியில் வளர்த்து வெறும் வேரோடு பிடுங்கி நட்டார்கள். சுமை குறைந்தது, செலவு குறைந்தது. முதல் வருஷம் நிலத்தைச் சும்மா விட மனமில்லாமல் கன்றுக்கு நடுவே சோளமும் போட்டார்கள். விஞ்ஞானிகள் தடுக்கவில்லை. அந்த இரண்டையும் எடுத்துத் தங்கள் சோதனையில் வைத்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த முறையைக் கைக்கொண்டன.

சரி, நம் மரத்துக்கு வருகிறேன். கடலுக்கு அக்கரையில் சுமத்திராவில், ஜாம்பி வட்டாரத்தில், ‘காட்டு ரப்பர்’ என்று ஒன்று இருக்கிறது. நெல் விதைக்கும் காட்டிலேயே ரப்பர்க் கன்றையும் நட்டுவிடுகிறார்கள். நெல் முடிந்ததும் காடு திரும்ப வளர்கிறது. ரப்பரும் அதோடு போட்டி போட்டு வளர்கிறது. பால் வெட்ட எட்டுப் பத்து வருஷம் ஆகும். மகசூல் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 500, 600 கிலோதான். ஒட்டுக்கன்றுத் தோட்டத்தின் பாதிகூட இல்லை என்று சொல்லலாம். ஆனால் டுரியான் உண்டு, பிரம்பு உண்டு, வீட்டுக்குப் பலகை உண்டு. உர மருந்துச் செலவு அநேகமாக இல்லை. விலை விழுந்தால் கத்தியை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். பார்ப்பதற்குக் காடு, கணக்குக்குத் தோட்டம்.

இதைக் குறை சொல்லாமல், இதற்குள் நல்ல ஒட்டுக்கன்றைக் கொண்டுவர முடியுமா என்று 1990களின் நடுவிலிருந்து நைரோபி நிலையமும் பிரெஞ்சு, இந்தோனேசிய நிபுணர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். ஒரு சோதனையில் ரப்பர் நிரையில் மட்டும் களையெடுத்து, நிரைக்கு நடுவே காட்டை அதன் போக்கில் விட்டார்கள். கன்று சாகவில்லை. வெளிக்காட்டு வேலை செய்த பெண்களே, நிரைக்கு நடுவில் மண்வெட்டி போடாமலே ரப்பர் வளர்ந்தது என்பதைக் கவனியுங்கள்! மரங்களுக்கிடையே இடைவெளி விழுந்த இடத்தில் புதுக்கன்றைச் செருகும் பழக்கம் அந்த ஊர்க்காரர்களிடம் இருந்தது. ‘சிசிப்பான்’ என்பார்கள், சிசிப் என்ற மலாய்ச் சொல் நமக்கும் தெரியும். மொத்தக் காட்டையும் வெட்டிவிட்டு, வருமானமில்லாமல் வருஷக்கணக்கில் காத்திருக்க ஏழையால் முடியாது. ஆகவே வெட்டுகிற மரத்தை வெட்டிக்கொண்டே பக்கத்தில் வாரிசை வளர்க்கிறார்கள். இதையும் விஞ்ஞானிகள் எழுதி வைத்தார்கள். இலங்கையில் 1990களில் நடந்த சோதனைகளில் இளம் ரப்பருக்கு நடுவே வாழையை நெருக்கமாக வைத்தார்கள். ரப்பர் கெட்டுப்போகும் என்பது பொது அபிப்பிராயம். நடந்தது நேர்மாறு, வாழையோடு நின்ற கன்று, தனியாக நின்ற கன்றைவிட நன்றாகப் பருத்தது. நம் நாட்டு ஆராய்ச்சி நிலையமும் ரப்பர் மரத்தடியில் செம்மறியாடு வளர்ப்பதை ஆராய்ந்தது. ஆடு புல்லைத் தின்றால் களைச் செலவு குறையும், இறைச்சியும் கிடைக்கும் என்றார்கள். லயத்து மாட்டுக்காரர்கள் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

தொடக்கத்தில் நிலம் யாருக்கு என்று கேட்டேன் அல்லவா? சுமத்திராவின் தென்மேற்குக் கரையில், லம்போங் மாகாணத்தில் க்ருய் என்ற வட்டாரம் இருக்கிறது. அங்குள்ளவர்களும் மரம் வெட்டிப் பால் எடுப்பவர்கள். ஆனால் ரப்பர் அல்ல, டாமார் என்ற குங்கிலிய வகை மரம். தண்டில் குழி வெட்டி, அதில் ஊறி இறுகும் பிசினைக் கயிறு கட்டி ஏறிச் சுரண்டி எடுக்கிறார்கள். இயற்கைக் காட்டில் மரம் குறைந்தபோது, அவர்களின் முன்னோர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கன்று நட்டார்கள். நெல்லோடும் காப்பியோடும் மிளகோடும் சேர்த்து நட்டு, காப்பியும் மிளகும் ஓய்ந்த பிறகு டாமார்க் காடு எழும்பியது. தகப்பன் நட்டதை மகன் வெட்டுகிறான்.

ஆனால் அரசாங்கத்தின் வரைபடத்தில் அந்த இடத்தில் பெரும்பகுதி ‘அரசாங்கக் காடு’. செம்பனைக் கம்பெனிகளின் கண்ணும் அந்தப் பக்கம் விழுந்தது. ஜெனவீவ் மிஷோன், ஹூபேர் டி போரெஸ்தா என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் வருஷக்கணக்கில் அங்கே வேலை செய்து, மரம் மரமாக எண்ணி, இது தானாக முளைத்த காடல்ல, மனிதர் நட்டு வளர்த்த தோட்டம் என்று எழுத்திலே நிரூபித்தார்கள். ஊர் மக்களும் சும்மா இருக்கவில்லை. சங்கம் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். 1998 ஜனவரியில் இந்தோனேசிய வனத்துறை அமைச்சர் ஓர் உத்தரவு பிறப்பித்தார். சுமார் 29,000 ஹெக்டேர் டாமார்த் தோட்டத்தை நிர்வகிக்கவும், பிசின் எடுக்கவும், நட்ட மரத்தை வெட்டவும் அந்த மக்களுக்கு விசேஷ உரிமை கொடுக்கப்பட்டது. அரசாங்கக் காடு என்ற பெயர் மாறவில்லை, அது குறைதான். ஆனால் பர்மாவில் 1856 இல் கரேன் மனிதனுக்குக் கிடைக்காத ஒன்று, க்ருய் மக்களுக்கு 142 வருஷம் கழித்தாவது கிடைத்தது. ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் அலமாரியில் தூசி பிடிக்கும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

கல்வியைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. கோஸ்டாரிக்காவின் துரியால்பாவிலுள்ள விவசாய ஆராய்ச்சிக் கல்லூரி இதைக் கற்பித்த ஆரம்பகால நிலையங்களில் ஒன்று. ஆப்பிரிக்கக் கல்லூரிகள் சேர்ந்து 1993 இல் ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தின. தென்கிழக்காசியாவில் 1999 இல் அதுபோல் ஒன்று ஏற்பட்டது; இந்தோனேசியா, லாவோஸ், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்னாம் ஆகிய ஐந்து நாடுகளின் கல்லூரிகள் அதில் சேர்ந்தன. உலகத்துக்கே ரப்பர் ஆராய்ச்சி கற்றுக்கொடுத்த நம் நாட்டின் பெயர் அந்த ஐந்தில் இல்லை. 2014 இல் இந்தியா வேளாண்காட்டுக்கென்று தேசியக் கொள்கை வகுத்தது. உலகில் முதல் நாடு அதுதான்.

நம் செர்டாங்கில் 1931 இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது, 1971 இல் பல்கலைக்கழகமாயிற்று. விவசாயம், வனவியல் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் உள்ள பெற்றோர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர், வக்கீல் தவிர வேறு படிப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விவசாயம் என்றால் “மறுபடியும் காட்டுக்கா?” என்று முகம் சுளிக்கிறோம். பட்டையின் கனத்தை விரலால் தொட்டே சொல்லும் அம்மாவுக்குப் பிறந்த பிள்ளை, மண்ணையும் வேரையும் புத்தகத்திலும் படித்தால், சோதனைத் துண்டில் பக்கத்து வேர் திருடுவதை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிக்கும் என்பது என் நம்பிக்கை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுத உதவி வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் கிளைக் காரியதரிசியைப் பாருங்கள். அவர் மகளே அங்கேதான் மூன்றாம் வருஷம் படிக்கிறாள்; விடுமுறைக்கு வந்திருக்கிறாள், அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னதில் சந்தேகம் இருந்தால் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.